சிறுவர்க்குச் சரித்திரம் எதற்கு?

ஆரம்பப் பாடசாலைக் குழந்தைகட்குச் சரித்திரம் கற்பித்தல் அவசியமா என்னும் கேள்வி, தாராவியிலும் மாட்டுங்கா லேபர் காம்ப்பிலும் செம்பூரிலும் வாழும் நம்மவரிடையே அடிக்கடி எழக் காண்கின்றோம். கேட்போர் பெற்றோர், தம் மக்கள் நல்வாழ்வு பெறவேண்டும் என்னும் அன்பினாலேயே கேட்கின்றனர். அவர்தம் கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கணக்கும் ஆங்கிலமும் கைவந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வான், மாண்ட மன்னர்களின் பெயர்களால் வயிறு நிறையுமா என்பர் ஒரு சாரார். பாட்டனும் பூட்டனும் பட்ட இழிவுகளை அறியாமலே நம் பிள்ளைகள் வளரட்டும், ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்பர் மற்றொரு சாரார். சொல்வதானால் நம் குலப் பெருமையை மட்டும் சொல்லுங்கள், பிள்ளை தலைநிமிர்ந்து நடப்பான் என்பர் மூன்றாம் சாரார். இம்மூன்றையும் தம்மத்தின் வழி நின்று ஆராய்வோம்.

முதற்கண் ஒன்றை நோக்குதல் வேண்டும். ஆறேழு பிராயமுள்ள குழந்தை ஓயாது ‘ஏன்’ என்று கேட்கும். நம் வீடு ஏன் இத்துணைச் சிறிதாக இருக்கின்றது? குழாயில் நீர் ஏன் சில நாழிகைதான் வருகின்றது? தாத்தா ஏன் திருநெல்வேலிச் சீமையை விட்டு இவ்வளவு தொலைவு வந்தார்? நம் வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் இருக்க, அடுத்த வீட்டில் வேறு படங்கள் ஏன் இருக்கின்றன? இக்கேள்விகள் ஒவ்வொன்றும் சரித்திரக் கேள்வியே. நாம் விடை கூறாது ஒழிந்தால் குழந்தை விடையின்றி நின்றுவிடுவதில்லை. உலகம் அதற்கு ஒரு விடையைத் தயாராக வைத்திருக்கின்றது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்பதே அவ்விடை. சரித்திரம் சொல்லப்படாத வீட்டில் தலையெழுத்து குடிபுகும் என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட உண்மையாகும்.

முற்பிறப்பில் செய்த தீவினையால் இப்பிறப்பில் தாழ்ந்தாய் என்று பல நூற்றாண்டுகள் நமக்கு ஓதப்பட்டது. அடிமைத்தனத்தை அடிமைப்பட்டவனே நியாயம் என்று ஏற்றுக்கொள்ளச் செய்தது அவ்வோதுதலே. பாபாசாகேப் அம்பேத்கர் தம் இறுதி நூலாகிய ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்பதில், முற்பிறப்பு வினையைக் காட்டி இப்பிறப்பின் ஏழ்மையையும் தாழ்வையும் விளக்கும் கோட்பாட்டை உறுதியாக மறுத்துள்ளார். அந்நூல் அவர் மறைவிற்குப்பின் 1957-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் தம்ம தீட்சை ஏற்றபோது, தலையெழுத்து என்னும் அவ்விடையையும் சேர்த்தே துறந்தனர் மக்கள். துறந்த விடையின் இடத்தில் வேறொரு விடையை வைக்க வேண்டும். அவ்விடை சரித்திரமே.

பகவன் புத்தர் கண்டருளிய மெய்ப்பொருளின் சாரம் யாது? எதுவும் காரணமின்றித் தோன்றுவதில்லை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும். சார்பு நீங்கின் தோன்றியதும் நீங்கும் என்பதே. நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை பன்னிரு சார்பு என விரித்துரைப்பதும் இதனையே. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்குதல் உண்டு, நீக்கும் வழியும் உண்டு என்னும் நான்கு வாய்மைகளை ஒரு தனி மனிதன் தன் உள்ளத்தில் வைத்து நோக்கினால் அது தியானம். ஒரு சமூகம் தன் கடந்த காலத்தில் வைத்து நோக்கினால் அது சரித்திரம். ஆதலின் பௌத்தக் குழந்தைக்குச் சரித்திரம் புறப்பாடம் ஆகாது. அது தம்மப் பாடத்தின் முதல் வாயில்களுள் ஒன்றாகும்.

இதனைக் குழந்தைக்கு எவ்வாறு விளக்குவது? ஒரு குவளைத் தண்ணீர் போதும். சாதாராப் பாடசாலையில் பயின்ற ஒரு சிறுவன், தாகம் எடுத்தால் தானே குழாயைத் திறந்து நீர் அருந்தக்கூடாது. பாடசாலைச் சேவகன் வந்து திறந்தால்தான் நீர். அவன் வாராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதே. அச்சிறுவன் அமர்ந்த கோணித் துண்டையும் வீட்டிலிருந்தே கொண்டு வந்து, மாலையில் வீட்டுக்கே கொண்டு செல்ல வேண்டும். இது துன்பம். அவ்வாறு செய்யச் சொன்னது மழையோ வெயிலோ அன்று. மனிதர் வகுத்த சாதி வழக்கம். இது காரணம். அச்சிறுவனே பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் ஆனார் என்று சொல்லுங்கால் குழந்தையின் விழிகள் விரியும்.

மேற்கொண்டும் சொல்லலாம். 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பம்பாய்ச் சட்டசபையில் எஸ். கே. போலே என்பார் கொண்டுவந்த தீர்மானம், பொதுக் கிணறுகளும் குளங்களும் பாடசாலைகளும் யாவர்க்கும் உரியன என்றது. 1924-இல் மகாட் நகரசபை தன் சவதார் குளத்தை யாவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆயினும் ஏட்டில் எழுதிய உரிமை எவர் தாகத்தையும் தணிக்கவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் அண்ணலின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அக்குளத்திற்கு நடந்து சென்று நீர் அருந்தினர். அதன்பின் அடி, உதை, வழக்கு. பத்தாண்டுகள் கழித்து 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்மக்களின் உரிமையை நிலைநாட்டியது. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறு, குளம், சாலை முதலியவற்றில் சாதி காட்டி எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அச்சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர், சேவகன் வாராததால் தாகத்தோடு வீடு திரும்பிய அதே சிறுவர்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1924-ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டசபையில் பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை நிறைவேற்றுவித்தார். இவற்றைக் கேட்ட குழந்தை எதனைக் கற்கின்றது? இழிவு மனிதர் செய்தது. ஆதலின் மனிதரால் நீக்கப்படும். நீக்குதற்குக் கல்வியும் ஒற்றுமையும் இடையறா முயற்சியும் வேண்டும் என்று கற்கின்றது. எட்டு வயதில் இதனைக் கற்ற பிள்ளை, பதினெட்டு வயதில் எவன் வந்து தலையெழுத்தைப் பற்றிப் பேசினும் நகைத்து அப்பாற் செல்லும்.

இனி முதற் சாராரின் கருத்துக்கு வருவோம். சரித்திரம் சோறு போடுமா? 2024-ஆம் ஆண்டு தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியபோது நம்மவர் வாயில்களில் கேட்கப்பட்ட வினா யாது? எப்பொழுதிலிருந்து இங்கு வாழ்கின்றீர், அதற்கு அத்தாட்சி யாது என்பதன்றோ? 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னரே இருந்தவர்க்கு ஒரு விதி, பின்னர் வந்தவர்க்கு வேறு விதி. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் ஒரு தாளையேனும் பேணி வைக்காத குடும்பம் தவிக்கின்றது. பழைய குடும்ப அட்டையையும் மின்சாரச் சீட்டையும் தகரப் பெட்டியில் போற்றி வைத்த பாட்டியின் குடும்பம் நிமிர்ந்து நிற்கின்றது. நாள், ஆண்டு, சான்று ஆகியவற்றின் மதிப்பை அறிதலே சரித்திர அறிவு. அவ்வறிவு ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுதல் தவறு. வீட்டையும் வாசலையும் காப்பதும் அதுவே.

இன்னொன்றும் காண்க. தாராவியில் முதல் தோல் பதனிடும் சாலை 1887-இல் எழுந்தது. அதே ஆண்டில் படி மசூதியும் தோன்றியது. கடலோரத்தில் கோலி மீனவர் முன்னரே இருந்தனர். சௌராட்டிரத்திலிருந்து குயவர் வந்து கும்பார்வாடாவை அமைத்தனர். நம்மவர் தோல் தொழிலுக்கும் பிற உழைப்புக்குமாக நெல்லைச் சீமையிலிருந்து வந்தனர். இந்நகரமே ஏழு தீவுகளாக இருந்தது. 1661-இல் போர்த்துகேசிய அரசகுமாரியின் மணச் சீதனமாக ஆங்கில மன்னனுக்குச் சென்றது. 1668-இல் ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் விடப்பட்டது. கடலைத் தூர்த்தவரும் சாக்கடை வெட்டியவரும் தண்டவாளம் இட்டவரும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த உழைப்பாளிகளே. 1966-ஆம் ஆண்டை அடுத்துத் தென்னிந்தியரை அந்நியர் என்று கூறும் குரல் இந்நகரில் ஓங்கியதை நம் மூத்தோர் மறவார். அத்தகைய குரலைக் கேட்கும் பிள்ளை, தன் தெருவின் சரித்திரத்தை அறிந்திருந்தால் அஞ்சி ஒடுங்காது. பதிலுக்கு வசைபாடவும் செய்யாது. ‘என் பாட்டனாரும் இந்நகரைக் கட்டியவர்களுள் ஒருவர்’ என்று அமைதியுடன் கூறும்.

இரண்டாம் சாராரின் கருத்தே மிகவும் கவனித்தற்குரியது. புண்ணைக் கீறவேண்டா என்னும் அவர் சொல்லில் தாயுள்ளம் பேசுகின்றது. ஆயினும் நாம் மறைத்தால் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமா? பாடசாலையிலோ விளையாட்டிடத்திலோ என்றேனும் ஒருநாள் ஓர் இழிசொல் அதன் செவியில் விழும். அன்று அதன் பொருளை முதன்முதலாக இகழ்வோன் வாயிலிருந்து அறிதல் நன்றா, அதற்கு முன்னரே தாயின் வாயிலிருந்து காரணத்தோடு அறிதல் நன்றா? மறைக்கப்படும் பொருள் வெட்கப்படத்தக்க பொருள் என்று குழந்தை முடிவு செய்துகொள்ளும். குற்றம் செய்தவர் வெட்கப்பட வேண்டியிருக்க, துன்புற்றவர் பிள்ளை வெட்கப்படுதல் அநியாயம்.

பூனாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பாடசாலையில் முக்தா என்னும் மாங் வகுப்புச் சிறுமி பயின்றாள். பதினான்கு பிராயத்தில், 1855-ஆம் ஆண்டு, மகார், மாங் மக்களின் துன்பத்தைக் குறித்து அவள் எழுதிய கட்டுரை ‘ஞானோதய’ என்னும் இதழில் வெளிவந்தது. தன் மக்கள் நிலத்தினின்று விரட்டப்பட்டதையும், பெரும் மாளிகைகளின் அடித்தளத்தில் புதைக்கப்பட்டதையும், கற்கும் உரிமை மறுக்கப்பட்டதையும் அவள் எழுதினாள். எந்த அறிஞரும் அதுகாறும் எழுதாத சரித்திரத்தை ஒரு சிறுமி எழுதினாள். தன் மக்களின் துயரை அறிந்தமையால் அவள் உள்ளம் நொறுங்கிவிடவில்லை. அத்துயருக்குக் காரணம் கேட்கும் வலிமையையே பெற்றாள்.

எனினும் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுமைகளை நுணுக்கமாக விவரித்தல் தகாது. வயதுக்கேற்ற அளவு சொல்லுக. துன்பத்தைச் சொல்லும்போதெல்லாம் அதனை எதிர்த்தவரையும் உடன் சொல்லுக. அவ்வாறு எதிர்த்தவருள் பிற வகுப்பில் பிறந்தோரையும் மறவாது சொல்லுக. மகாட் நகரசபையின் தலைவராயிருந்து குளத்தைத் திறக்கத் துணைநின்ற சுரேந்திரநாத் திப்னிசும், அதே 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மனுநூல் எரிப்புத் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தேயும் மேற்குலத்தில் பிறந்தோரே. இதனை அறிந்த பிள்ளை பிறப்பால் எவரையும் பகைக்காது. பிறப்பை வைத்து மனிதரை அளத்தலே நம்மை வருத்திய நோய். அந்நோயை நம் பிள்ளைகள் வேறு வடிவில் பெற்றுவிடலாகாது.

மூன்றாம் சாரார் பெருமையை மட்டும் சொல்லுக என்பர். நமக்குப் பெருமை உண்டு என்பதில் ஐயமில்லை. 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, நம்மவர் பூர்வ பௌத்தரே என்று இடைவிடாது எழுதினார். 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ என்னும் நூலில் அண்ணல் அம்பேத்கரும், பௌத்தத்தைக் கைவிடாதிருந்தமையே தீண்டாமைக்கு வேர்க்காரணங்களுள் ஒன்று என்று வாதித்தார். ஆயின் இருவரும் சென்ற வழி ஒன்றன்று. பண்டிதர் சொற்பிறப்பையும் வழக்காறுகளையும் தமிழ் நூல்களையும் கொண்டு நடந்தார். அண்ணல் சாத்திரங்களை ஆராய்ந்து, சான்று விட்ட இடத்தில் ஊகத்தால் பாலம் அமைத்தார். தம் முடிவே இறுதி முடிவு என்று தாம் கூறவில்லை என்பதையும் அந்நூலின் முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய அறிஞர் காட்டிய அடக்கத்தை நாம் கைவிட்டு, ஊகத்தை முடிந்த உண்மையாகப் பிள்ளைகட்கு ஊட்டுதல் அவரைப் போற்றுவதாகாது.

சிறு பிராயத்தினனாகிய இராகுலனுக்குப் பகவன் போதித்த முறையை நினைவுகூர்வோம். கால் கழுவியபின் பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார். அதனைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அறிந்தே பொய் கூற நாணாதவனின் துறவு அந்நீரைப்போல் சொற்பமானது, கொட்டப்பட்டது, கவிழ்ந்தது, வெறுமையானது என்று உணர்த்தினார். விளையாட்டாகவும் பொய் கூறலாகாது என்றார். பின்னர்க் கண்ணாடி எதற்கு என்று வினவி, கண்ணாடியில் முகம் நோக்குதல்போல் ஒவ்வொரு செயலையும் நோக்கிச் செய்க என்றார். சிறுவர்க்குப் போதிப்போர் கொள்ள வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. கையருகே உள்ள பொருளைக் கொண்டு போதித்தல் ஒன்று. பொய் கலவாமல் போதித்தல் மற்றொன்று. குழந்தைக்குக் காலக் கணக்கு விளங்காது என்போர்க்கும் இதுவே விடை. குவளையும் குழாயும் பாட்டியின் தகரப் பெட்டியும் விளங்கும். ஆண்டுகள் பின்னர்த் தாமே வந்து பொருந்தும்.

பொய்ப் பெருமையால் வரும் கேடு வேறொன்றும் உண்டு. பிள்ளை வளர்ந்து நூல்களைக் கற்கும். நாம் ஊட்டியவற்றுள் ஒன்று பொய் என்று கண்டால், ஏனைய உண்மைகளையும் ஐயுறும். மகாட்டும் பொய்யோ என்று எண்ணும். கேசபுத்தத்துக் காலாமர்க்குப் பகவன் அருளியது யாது? வழிவழி வந்தது என்பதற்காகவோ, குரு சொன்னார் என்பதற்காகவோ எதனையும் ஏற்கவேண்டா என்பதன்றோ? ஆகவே ‘பண்டிதர் இவ்வாறு கருதினார், அண்ணல் இவ்வாறு கருதினார், சான்றுகள் இவை, நீ வளர்ந்து ஆராய்க’ என்று சொல்லுதலே பௌத்த உபாத்தியாயர்க்கு அழகு.

கற்பனை வேண்டாத அளவுக்குக் கல்லில் எழுதிய சான்றுகள் நம் அருகிலேயே உள்ளன. மாகிம் நிலையத்தில் இரயிலேறிப் போரிவிலியில் இறங்கினால் கன்னேரி மலை. அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் அங்கு வாழ்ந்தனர். குகைகளையும் நீர்த்தொட்டிகளையும் தானம் செய்தோர் பெயர்கள் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் கலியாண் நகரத்துக் கொல்லன் ஒருவன் பாதை அமைத்துத் தந்த செய்தியும் உண்டு. சோபாராவில் அசோகரின் எட்டாம் கட்டளைக் கல்வெட்டின் துண்டு 1882-இல் கிடைத்தது. அதனை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் ஒன்பதாம் கட்டளையின் துண்டு, நாகபுரித் தீட்சை நிகழ்ந்த அதே 1956-இல் கிடைத்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 1856 முதல் முந்நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன.

மகாராட்டிரத்தில் 1970 முதல் பல தலைமுறைப் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் சிவாஜி மன்னரின் சரித்திரத்தைப் பயின்றுள்ளனர். நம் பிள்ளைகளும் அதனை மதிப்போடு பயிலட்டும். மன்னரின் சரித்திரத்தைப் பாடசாலை கற்பிக்கும். பாதை அமைத்த கொல்லனின் சரித்திரத்தை நாம்தாம் கற்பிக்க வேண்டும். உழைப்பாளியின் பெயரும் கல்லில் நின்றது என்று கண்ட தாராவிப் பிள்ளை, தோல் தைக்கும் தன் தந்தையின் கைகளைப் புதிய கண்களோடு நோக்கும்.

ஆதலின் சங்கத்தார்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூறுவது இது. ஞாயிறு தோறும் கூடும் தம்ம வகுப்பில் பஞ்சசீலம் ஓதியபின் கால்மணி நேரம் ஒரு சரித்திரக் கதை சொல்லுக. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கன்னேரிக்கு அழைத்துச் செல்லுக. டிசம்பர் 6-ஆம் நாள் தாதர் சைத்திய பூமியில் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்க, தோளில் அமர்ந்திருக்கும் குழந்தை ‘இவர்கள் ஏன் வந்தனர்’ என்று கேட்டால், பொறுமையோடு விடை கூறுக. மூத்தோர் ஊரைவிட்டு வந்த கதையை அவர் வாயாலேயே சொல்லச் செய்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. எழுத்தறியாத பாட்டியும் இவ்வகையில் உபாத்தியாயரே. நம் பிள்ளைகளுள் பலர் இன்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் பயில்கின்றனர். பாட்டியின் தமிழ் அவர்க்குப் புரியும் காலத்திலேயே இதனைச் செய்துவிடல் வேண்டும். பழைய சந்துகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழும் நாளில், அச்சந்துகளில் வாழ்ந்தோர் எவர், அவர் எதனைத் தாங்கினர், எதனை வென்றனர் என்பதைச் சொல்ல எஞ்சியிருப்பது இக்குறிப்பேடுகளே ஆகும்.